ஆய்வேடு யாரிடம் ஒப்படைக்கப்படுகிறது?

அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தது 1913 முதல் 1916 வரை. அந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டத்தை முறைப்படி வழங்கிய வருஷம் 1927. இடையில் கிடக்கும் பதினோரு வருஷங்களைப் பற்றி அவருடைய வாழ்க்கை வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை. 'பட்டம் பெற்றார்' என்று ஒரு வரியில் கடந்துபோய்விடுகின்றன. நாம் கொஞ்சம் நிற்க வேண்டிய இடம் இது.

அன்றைக்கு அங்கே விதி என்னவென்றால், ஆய்வேடு ஏற்றுக்கொள்ளப்பட்டால் மட்டும் போதாது. அதை அச்சிட்டு, கேட்ட எண்ணிக்கையில் படிகளைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்க வேண்டும். அப்புறம்தான் பட்டம். அச்சுக்கூலி ஆய்வாளன் தலையில். அப்பன் வீட்டில் காசு இருக்கிறவனுக்கு இது ஒரு சடங்கு. பரோடா மன்னரின் உதவித்தொகையை எண்ணி எண்ணிச் செலவழித்த ஒரு மகர் மாணவனுக்கு?

1917-ல் உதவித்தொகைக் காலம் முடிந்து லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார். அவருடைய புத்தகங்களையும் சாமான்களையும் ஏற்றிவந்த கப்பல் ஜெர்மன்காரர்களின் தாக்குதலில் மூழ்கிப்போனது. பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தால் தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் சாதி தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திச் சேர்த்த காசு, கோல்ஹாபூர் சாகு மகராஜ் தந்த உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடன் - இவற்றோடு 1920-ல் மறுபடி லண்டன் போனார். 'ரூபாயின் சிக்கல்' 1923-ல் அங்கே அச்சானது. கொலம்பியாவில் தொடங்கிய நிதி ஆய்வு வேலை வளர்ந்து 'பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் பரிணாமம்' என்ற பெயரில் 1925-ல் லண்டன் பி.எஸ்.கிங் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. அதன் படிகள் நியூயார்க் போய்ச் சேர்ந்த பிறகுதான் 1927-ல் பட்டம்.

அறிவு அவருக்கு 1916-லேயே இருந்தது. அவ்வருஷம் மே மாதம் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையே சாட்சி. இல்லாமல் போனது ஒப்படைப்பதற்கான வசதி. ஆய்வை எழுதுவது ஒன்று, அதை நிறுவனத்தின் வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொன்று. இரண்டாவதில்தான் சாதியும் வர்க்கமும் உட்கார்ந்து சுங்கம் வசூலிக்கின்றன. இன்றைக்குப் பல்கலைக்கழகங்கள் 'திறந்த அணுக்கம்' என்று ஒரு சொல்லைத் தூக்கிப்பிடிக்கின்றன. ஆய்வுகளை எல்லாரும் காசில்லாமல் படிக்கும்படிக் கணினிக் களஞ்சியத்தில் ஒப்படையுங்கள் என்கின்றன. நல்லதுதான். ஆனால் நாம் இந்தச் சொல்லை அப்படியே விழுங்கிவிட முடியாது. 'திறந்தது' என்று எழுதிவைத்த பல இடங்களின் படிக்கட்டை நாம் பார்த்திருக்கிறோம்.

அதே 1927-க்கு வருவோம். மகத் சௌதார் குளம். பொதுப்பணத்தில் பராமரிக்கப்படும் நீர்நிலைகள் எல்லாத் தீண்டப்படாத மக்களுக்கும் உண்டு என்று போலே கொண்டுவந்த தீர்மானத்தை பம்பாய்ச் சட்டமன்றம் 1923-லேயே நிறைவேற்றிவிட்டது. மகத் நகரசபையும் 1924-ல் தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்தாயிற்று. மூணு வருஷம் ஒருத்தரும் இறங்கவில்லை, இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் முன்னால் போய்த் தண்ணீரைக் கையில் அள்ளிய பிறகு என்ன நடந்தது? அடி. பிறகு 108 குடம் பால், தயிர், சாணி, கோமியம் கரைத்துக் குளத்துக்குத் 'தீட்டுக் கழித்தார்கள்'. ஆகஸ்டில் நகரசபை தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது. உரிமை உண்டு என்று பம்பாய் உயர்நீதிமன்றம் சொல்ல 1937 ஆனது.

திறப்பது என்றால் என்ன என்பதற்கு இந்தியாவில் இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. ஆய்வுக் களஞ்சியங்களைப் பற்றிப் பேசும்போது புடாபெஸ்ட்டிலிருந்து ஆரம்பிப்பது வழக்கம். நான் மகத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

புடாபெஸ்ட் கதையையும் சொல்லிவிடுகிறேன், தெரியாத தோழர்களுக்காக. மேலைநாட்டு ஆய்விதழ்களை ஒருசில பெரிய கம்பெனிகள் கையில் வைத்திருக்கின்றன. ஆராய்ச்சிக்குக் காசு கொடுப்பது அரசு, அதாவது மக்கள் வரி. எழுதுகிறவனுக்குக் கூலி கிடையாது. சரிபார்க்கிற அறிஞனுக்கும் கிடையாது. அச்சான பிறகு அதே பல்கலைக்கழகம் அதே கட்டுரையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். விதைத்தவன் அறுத்தவன் போரடித்தவன் எல்லாம் ஒருத்தன், பத்தாயத்துச் சாவி இன்னொருத்தன் இடுப்பில் - நமக்குப் புரியாத சங்கதியா இது? இந்தச் சுரண்டலை எதிர்த்து 2002 பிப்ரவரியில் புடாபெஸ்ட்டில் ஒரு பிரகடனம் வந்தது. 2003-ல் பெர்லினில் இன்னொன்று. அவை சொன்ன வழிகளில் ஒன்று, எழுதியவரே தன் கட்டுரையின் ஒரு படியைத் தன் நிறுவனத்தின் களஞ்சியத்தில் போட்டுவிடுவது. அதற்கென்று 'டிஸ்பேஸ்' என்ற இலவச மென்பொருளை அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் ஹியூலெட் பேக்கார்ட் கம்பெனியும் சேர்ந்து 2002-லேயே வெளியிட்டன. இதே போராட்டத்தில், ஆய்விதழ்களை மொத்தமாக இறக்கியதற்காக 2011-ல் கைது செய்யப்பட்ட ஆரன் சுவார்ட்ஸ் என்ற இளைஞன் 2013 ஜனவரியில் தற்கொலை செய்துகொண்டான்.

அதே 2002-ன் டிசம்பரில் இங்கே கோபால் குரு ஒரு கட்டுரை எழுதினார், 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில். இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு செய்கிறவர்கள் ஒரு பக்கம், தரவு சேகரித்துக் கொடுக்கிறவர்கள் இன்னொரு பக்கம். இந்தப் பிரிவினையும் வருணப் பிரிவினை மாதிரிதான் இயங்குகிறது என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. புடாபெஸ்ட்காரர்கள் கேட்டது 'யார் படிக்க முடிகிறது' என்ற கேள்வி. குரு கேட்டது 'யார் எழுதுகிறார்கள், யாரைப் பற்றி' என்ற கேள்வி. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

இந்தியாவில் ஆய்வேடு ஒப்படைப்பது 2009-ல் விதியானது. பல்கலைக்கழக மானியக் குழு அவ்வருஷம் வெளியிட்ட ஒழுங்குமுறையில், ஆய்வேட்டின் மின்படியை அனுப்பிவைக்க வேண்டும் என்று வந்தது. 2016 ஒழுங்குமுறை அதை இன்னும் இறுக்கியது. பட்டம் அறிவிப்பதற்கு முன்னாலேயே ஒப்படைத்தாக வேண்டும். சேர்த்துவைப்பது காந்திநகரில் உள்ள 'இன்ஃப்ளிப்நெட்' மையம். களஞ்சியத்தின் பெயர் 'சோத்கங்கா', ஆய்வுக் கங்கை என்று அர்த்தம். (நாட்டில் ஆறா இல்லை? அறிவுக்குப் பேர் வைக்கணும்னாலும் அவர்களுக்குக் கங்கைதான் ஞாபகம் வருகிறது. கங்கைக் கரையில் பிணம் எரிக்கிற டோம் மக்களைப் பற்றிய ஆய்வும் அதில்தான் மிதக்க வேண்டும்.) லட்சக்கணக்கான ஆய்வேடுகள் அங்கே சேர்ந்திருக்கின்றன. உறுப்பினர் அட்டை வேண்டாம், கடிதம் வேண்டாம், சாதி கேட்கிறவர் இல்லை. கையில் போன் இருந்தால் போதும். தலைப்பு ஒரு கோப்பு, சான்றிதழ் ஒரு கோப்பு, இயல் ஒன்று ஒரு கோப்பு என்று பிரித்துப் பிரித்துப் போட்டிருப்பார்கள்.

இதன் அருமை எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் சாவுச் சடங்குகளைப் பற்றி ஒரு ஆய்வேடு அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் போனது. எங்க பெரியப்பாகிட்ட ரெண்டு நாள் உட்கார்ந்து டேப் ரெக்கார்டரில் பதிவு செய்துகொண்டு போன ஆள் எழுதியது. ஆய்வேடுகள் எல்லாம் கண்ணாடி பீரோவில், பூட்டி. 'நீங்க எந்த டிபார்ட்மென்ட்?' என்றார் நூலகர். எந்தத் துறையும் இல்லை என்றேன். 'வெளியாளுக்குத் தர்றதில்ல' என்றார். துறைத்தலைவர் கடிதம், பிறகு பதிவாளர் கடிதம். நாலாவது முறை போனபோது தந்தார்கள். ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது, கையால் எழுதிக்கொள்ளலாம். மூணு நாள் உட்கார்ந்து எழுதினேன். பின்னிணைப்பில் 'தகவலாளர் பட்டியல்' என்று ஒன்று இருந்தது. வரிசை எண், பெயர், வயது, சாதி, கல்வி, தொழில், ஊர். பதினேழாவது ஆள் எங்க பெரியப்பா. கல்வி: இல்லை. தொழில்: பறையடித்தல்.

பெரியப்பா எட்டாவது வரை படித்தவர். ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். சாவுக்கு அடிப்பதை நிறுத்தி இருபது வருஷம் ஆகியிருந்தது. கேட்டதனால் சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான். அந்த ஆய்வேட்டுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. பெரியப்பா அந்த வரியைப் பார்க்காமலேயே செத்துப்போனார்.

இந்த 'வெளியாள்' என்கிற சொல்லைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். ஆய்வேட்டுக்கு உள்ளே தகவலாளர், நூலக வாசலில் வெளியாள். நாட்டார் வழக்காற்றியல், மானிடவியல், சமூகவியல் என்று நம் சேரிகளை அலசி எழுதிய ஆய்வேடுகள் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. நம் தெய்வங்கள், நம் பாட்டுகள், நம் நோய்கள், நம் வசைச்சொற்கள். எழுதியவருக்கு வேலை, பதவி உயர்வு. பேசியவருக்கு அதிகம் போனால் ஒரு டீ, ஒரு வெற்றிலைக்கட்டு. அந்தப் பூட்டு பீரோவை உடைத்துக்கொண்டு ஒரு ஆய்வேடு வெளியே வருமானால் அது எந்தக் கங்கையில் வந்தாலும் எனக்குச் சம்மதமே. இந்த விஷயத்தில் எனக்கு ஊசலாட்டம் கிடையாது.

பெரியப்பாவைப் பற்றிய ஆய்வேடும் சில வருஷத்துக்கு முன் களஞ்சியத்தில் ஏறிவிட்டது. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அந்த இயலை மட்டும் அச்செடுத்து, பெரியப்பா மகனிடமும் அவரோடு அடித்த இன்னொரு பெரியவரிடமும் வாசித்துக் காட்டினேன். பெரியவர் கேட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். 'சிண்டுக்குச்சி வலது கையிலன்னா எழுதியிருக்கான்? அடிக்குச்சிதாண்டா வலது கை. குட்டையா தடியா இருக்கறது அது. சிண்டுக்குச்சி நீளமா மெலிசா, எடது கையில.' மாரடிப்பு அடிக்கு விளக்கம் என்று போட்டிருந்ததும் வேறு ஏதோ அடியாம். முப்பது வருஷமாக இந்தத் தப்பு பீரோவுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. இதற்குப் பிறகு வந்த இன்னொரு ஆய்வேடு இதை மேற்கோள் காட்டி அதே குச்சியை அதே வலது கையில் கொடுத்திருக்கிறது. ஆய்வேட்டைத் திறந்து வைத்தால் யார் திருத்த முடியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் கண்ணால் தெரிந்தது. தேர்வாளர்கள், நெறியாளர், வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளிமாநிலப் பேராசிரியர் யாராலும் கண்டுபிடிக்க முடியாததை அவர் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்தார்.

ஒப்படைப்பதற்கும் நமக்கும் உள்ள உறவு இன்றைய கணினியோடு ஆரம்பித்ததில்லை. 1867-ஆம் வருஷத்து அச்சுச் சட்டம், அச்சிடும் புத்தகங்களின் படிகளை அரசுக்குக் கொடுத்தாக வேண்டும் என்றது. சுதந்திரத்துக்குப் பிறகு 1954-ல் வந்த சட்டம், இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியைச் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும் அனுப்ப வேண்டும் என்றது. சட்டப்படி பார்த்தால் எதுவும் தொலைந்திருக்கக் கூடாது. ரெட்டைமலை சீனிவாசன் 1893-ல் தொடங்கிய 'பறையன்' இதழின் தொகுதி எங்கே? அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19-ல் ராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' நமக்குக் கிடைத்ததற்கு எந்தச் சட்டமும் காரணமில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வீட்டில் கட்டிவைத்துக் கரையானிடமிருந்து காப்பாற்றியதால் கிடைத்தது. பண்டிதர் 1914-ல் மறைந்தார். ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் அவருடைய சிந்தனைகளை நூலாக வெளியிட்டது 1999-ல். எண்பத்தைந்து வருஷம். இடையில் தமிழ்நாட்டில் பௌத்தம் பற்றியும் இதழியல் பற்றியும் எத்தனை 'முழுமையான' வரலாறுகள் எழுதப்பட்டன! 1869-லிருந்து 1943 வரை வந்த தலித் இதழ்களைத் தேடி ஜெ.பாலசுப்பிரமணியம் எழுதிய நூல் 2017-ல் வந்தபோதுதான், நமக்கு இப்படி ஒரு நீண்ட அச்சு மரபு இருந்தது என்று படித்தவர்களிலேயே பலர் நம்பினார்கள்.

ஆகவே 'களஞ்சியத்தில் போட்டால் திருடிவிடுவார்கள்' என்று நம் ஆய்வு மாணவர்கள் பயப்படும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. பயத்தில் நியாயம் இருக்கிறது. நெறியாளரே மாணவனின் தரவை எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொள்கிற நாடு இது. ஆனால் பீரோவுக்குள் இருப்பதைத்தான் சத்தமில்லாமல் திருடலாம். வெளியே, தேதி போட்டு, உன் பெயரோடு கிடப்பதைத் திருடினால் நாலு பேருக்குத் தெரியும். 'பறையன்' இதழை யாரும் திருடவில்லை, அது காணாமல் போயிற்று. நமக்கு நேர்ந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

இனி வேறொரு பக்கம். இதைச் சொல்லாமல் 'திறந்துவிடு, திறந்துவிடு' என்று கூவிக்கொண்டிருப்பது அயோக்கியத்தனம்.

தகவலாளர் பட்டியலை நினைத்துப் பாருங்கள். பெயர், வயது, சாதி, ஊர். பீரோ பூட்டியிருந்த காலத்தில் அந்தப் பட்டியல் நம்மை அவமானப்படுத்தியது. ஆனால் ஆபத்தாக இல்லை. இன்றைக்கு? வன்கொடுமை வழக்குகளைப் பற்றி, ஆணவக்கொலைகளைப் பற்றி, பெண்கள்மீது நடந்த வன்முறைகளைப் பற்றி நம் பிள்ளைகளே ஆய்வு செய்கிறார்கள். நல்ல ஆய்வுகள். நம்மவர் என்பதால் ஜனங்கள் மனசு திறந்து பேசுகிறார்கள். வேறு யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறார்கள். அப்படி ஒரு ஆய்வேட்டில் ஒரு அக்காவின் வாக்குமூலத்தைப் படித்தேன். பெயரை மாற்றியிருந்தார்கள். ஆனால் ஊர்ப் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, கணவர் என்ன வேலை செய்கிறார் என்று இருக்கிறது, மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் உள்ள வீடு என்று இருக்கிறது. நாற்பது வீடு உள்ள காலனியில் இது போதாதா? ஊர்த்தெருப் பையன்கள் கையிலும் போன் இருக்கிறது. டீக்கடையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தால் அந்த அக்கா எங்கே போவார்?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் 15-அ என்ற பிரிவைச் சேர்த்தது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் தீர்ப்பிலும், பொதுமக்கள் பார்க்கக்கூடிய வழக்கு ஆவணங்களிலும் மறைத்துவைக்க அதன்படி தனி நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கலாம். எவ்வளவு இரத்தம் சிந்திக் கிடைத்த பாதுகாப்பு! நீதிமன்றம் மறைக்கிற பெயரை ஆய்வேட்டின் பின்னிணைப்பு வரிசை எண் போட்டு வெளியிடுகிறது. சட்டத்தில் பிறழ்சாட்சி என்று சொல்கிறார்களே, மிரட்டலுக்குப் பயந்து பின்வாங்குகிறவர்களை - அவர்களை உருவாக்க இனி வீடுவீடாகப் போகத் தேவையில்லை. பட்டியலைப் பார்த்து நேராகப் போகலாம்.

இதற்கு மேலைநாட்டில் ஒரு வழி உண்டு. ஒப்படைத்தாலும் இத்தனை வருஷம் திறக்காதே என்று தடைக்காலம் வைக்கலாம். அமெரிக்க வரலாற்றுக் கழகம் 2013-ல், ஆய்வேடுகளை ஆறு வருஷம் வரை மூடிவைக்க மாணவர்களுக்கு உரிமை வேண்டும் என்று அறிக்கை விட்டது. ஆனால் அது யாருக்காக? ஆய்வேட்டை நூலாகப் போட்டுப் பேராசிரியர் வேலை வாங்க வேண்டிய மாணவர்களுக்காக. பதிப்பகத்தார் வாங்க மாட்டார்கள் என்ற கவலை. ஆய்வேட்டில் பேசியவர்களின் பாதுகாப்புக்காக அல்ல. நமக்கு வேண்டியது தலைகீழ்: ஆய்வாளனின் எழுத்து உடனே திறந்திருக்கட்டும், பேசினவங்க அடையாளம் மூடியிருக்கட்டும். ரெண்டையும் ஒரே கட்டாகக் கட்டி, திற அல்லது மூடு என்று கேட்பது நம் கேள்வி இல்லை.

மொழியிலும் ஒரு பூட்டு இருக்கிறது. தமிழில் எழுதிய ஆய்வேடுகளில் பெரும்பகுதி ஒருங்குறி பரவுவதற்கு முன் தட்டச்சு செய்தவை. பாமினி என்பார்கள், டாம் என்பார்கள், டாப் என்பார்கள், ஒவ்வொரு டைப்பிங் சென்டருக்கும் ஒரு எழுத்துரு. தமிழக அரசே ஒருங்குறியை முறைப்படி ஏற்றுக்கொண்டது 2010-ல்தான். அதற்கும் முன்னால் உள்ளவை தட்டச்சுப் பொறியில் அடித்து, பின்னால் படமாகப் பிடித்துப் போட்டவை. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வெறும் கோலம். 'பறை' என்று தேடினால் வராது. 'சக்கிலியர்' என்று தேடினால் வராது. தலைப்பையாவது தமிழில் போட்டிருக்கிறார்களா என்றால் பல இடங்களில் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து வைத்திருக்கிறார்கள், அதிலும் ஆளுக்கு ஒரு எழுத்துக்கூட்டல். ஆங்கிலம் தெரிந்தவன் நேர்வழியில் வருகிறான், தமிழ் மட்டும் தெரிந்த நம் பிள்ளை குருட்டாம்போக்கில் தட்டிப்பார்க்கிறது. குளம் திறந்திருக்கிறது, படிக்கட்டு அந்தக் கரையில்.

அரசு கஞ்சத்தனம் செய்கிறது என்றும் சொல்ல முடியாது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது சர்வதேசப் பதிப்பாளர்களின் கிட்டத்தட்ட 13,000 ஆய்விதழ்களை 6,300 அரசு நிறுவனங்களின் மாணவர்களும் ஆய்வாளர்களும் படிக்கலாம். சரி. அந்த நிறுவனத்தின் வாசலுக்கு வெளியே இருக்கிறவன்? கிராமத்தில் உட்கார்ந்து உள்ளூர் வரலாறு எழுதுகிற ஆசிரியர், வழக்கறிஞர், சிறுபத்திரிகைக்காரன், படிப்பை இடையில் விட்ட மாணவி? 'நீங்க எந்த டிபார்ட்மென்ட்?' என்று இப்போது நூலகர் கேட்கவில்லை, திரை கேட்கிறது. எவ்வளவு கோடி கொட்டினாலும் சந்தா என்பது பீரோவுக்குக் கூடுதல் சாவி செய்வதுதான். களஞ்சியத்தில் ஒரு படி போட எழுதியவருக்கு ஒரு பைசா செலவில்லை, படிப்பவருக்கும் இல்லை. அதனால்தான் இத்தனை குறை சொன்ன பிறகும் போடு என்றே சொல்கிறேன்.

களஞ்சியத்தில் இல்லாத ஆய்வேடுகளும் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான ராஜீவ்காந்தி தேசிய உதவித்தொகை 2005-06-ல் வந்த பிறகுதான் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்ட பிள்ளைகள் பெருந்திரளாக ஆய்வுக்குள் நுழைந்தார்கள். 2016 ஜனவரி 17-ல் ஐதராபாத்தில் ரோகித் வெமுலா. பல மாதமாக உதவித்தொகை நிறுத்தப்பட்டிருந்தது. 2017 மார்ச்சில் டெல்லியில் சேலத்துப் பிள்ளை முத்துக்கிருஷ்ணன், ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் போனவர். ஒப்படைக்கப்படாத ஆய்வேடுகளுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டியல் வைத்திருப்பதில்லை. அண்ணலுக்குப் பதினோரு வருஷம் ஆனது, ஒப்படைத்தார். இவர்களால் முடியவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கை இந்த வருஷம் ஆய்வேட்டை முடித்திருக்கிறாள். கையால் மலம் அள்ளும் வேலையிலிருந்து வெளியேறிய பெண்களைப் பற்றிய ஆய்வு. அவளுடைய அத்தையும் அதில் ஒருவர். 'அண்ணே, பேர் எல்லாத்தையும் எடுத்துடறேன்' என்று ஆரம்பத்தில் சொன்னாள். பிறகு அந்தப் பெண்களிடமே போய்க் கேட்டிருக்கிறாள். மூன்று பேர், பேர் போடு என்றார்களாம். 'இத்தன வருஷம் யார்னு தெரியாமத்தானே அள்ளுனோம், இதுலயாவது பேர் இருக்கட்டும்' என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள். பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். பெயர் மறைப்பதுதான் அறம் என்று புத்தகத்தில் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் அந்த மூன்று பேரையும் மறுபடி ஒருதரம் அழித்திருப்போம். இதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும், வேறு குறுக்குவழி இல்லை.

அவள் செய்தது இதுதான். தகவலாளர் பட்டியல் என்ற தலைப்பையே எடுத்துவிட்டு 'பேசியவர்கள்' என்று வைத்தாள். விரும்பிய மூவரின் பெயர் அங்கே. மற்றவர்களின் விவரமும் ஒலிப்பதிவுகளும் தனிக் கட்டாக, களஞ்சியத்துக்குப் போகாமல், அந்தப் பெண்களின் சங்கத்திடம். ஆய்வேடு முழுக்க ஒருங்குறியில். தலைப்பும் தேடுசொற்களும் தமிழில். நாலு படி கூடுதலாக பைண்டு செய்து அவர்கள் தெருவுக்கு. கொண்டுபோய்க் கொடுத்தபோது அலுவலகத்தில் வாங்கவில்லை. பின்னிணைப்பு வழக்கமான வடிவத்தில் இல்லை, பட்டியலில் சாதி, வயது, ஊர் வேண்டும், இல்லாவிட்டால் களப்பணி செய்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்கள். தேடுசொற்களை ஆங்கிலத்தில் தரச் சொன்னார்களாம். அதற்கு ஒத்துக்கொண்டு இரண்டு மொழியிலும் எழுதிக் கொடுத்துவிட்டாள். பட்டியலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பதினைந்தாவது-அ பிரிவின் நகலை இணைத்து, தமிழில் இரண்டு பக்கக் கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறாள். கடிதத்தை எழுதும்போது உடன் இருந்தேன். போன வாரம்வரை பதில் வரவில்லை. நாலு படிகள் மட்டும் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒன்று அத்தை வீட்டு டிவி மேலே இருக்கிறது.